இறங்கி வரட்டும்

ஆவூர்,
19 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை

மரியாதைக்குரிய பெரியக்காவுக்கு, தங்கை அடைக்கலமேரி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? மலையில் குளிர் இறங்காத மாதம் இது. முழங்காலில் நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள மதரிடம் அனுமதி கேளுங்கள். உங்கள் மடத்தில் போன் கிடையாது என்பதால் இந்த ஊரில் தபால் ஆபீசில் கடிதக் கவர் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். "டீச்சர், ஒங்க ஒருத்தருக்காகத்தான் இத வரவழைக்கிறேன்" என்று போஸ்ட்மாஸ்டர் சலித்துக்கொள்கிறார்.

பொங்கலுக்கு இளமதி வரவில்லை, லீவு இல்லையாம். கிறிஸ்துமஸுக்கு வந்தவள், திரும்பும்போது உங்களைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். மடத்துக் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எப்படி இருந்தாள்? எனக்கு அவள் பாதி இங்கேயும் பாதி வேறெங்கோவும் இருப்பதுபோல் பட்டது. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, வேல" என்கிறாள்.

சென்னைக் கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் இதுதான் பேச்சு. இளமதி அப்பாவோ எந்தக் கவலையும் இல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எம்மக நெழல்ல ஒக்காந்து சம்பாரிக்கிறா" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஷார்ஜாவில் சாரம் கட்டப் போனவர். சாயங்காலம் சாரத்திலிருந்து இறங்கியதும் தவறாமல் போன் செய்வார். ஒரு நாள் போன் வரவில்லை. அதன்பிறகு அவர் வந்து சேர்ந்தது இடுப்பில் கம்பியோடும் கையில் கோலோடும்தான். அன்று பெரியநாயகி மாதா முன்னால் நான் கேட்டது ஒன்றுதான்: என் பிள்ளை நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மாதா கொடுத்தாள். கொடுத்ததை இப்போது யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இளமதியின் வேலை நிலைக்க வேண்டும், இந்த வருடமாவது அவள் மேலே போக வேண்டும் என்று செபியுங்கள். நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் சீக்கிரம் கேட்கும்.

உங்கள் செபத்தை நம்பியிருக்கும் தங்கை,
அடைக்கலமேரி


சுரண்டை,
2 பிப்ரவரி 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு இளமதி எழுதுவது. நலம். நீங்களும் மற்றச் சகோதரிகளும் நலமா?

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பீர்கள். நான் சென்னையில் இல்லை, பெரியம்மா. டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஆவூர் போனபோதும் உங்களைப் பார்க்க வந்தபோதும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். வாய் வரவில்லை.

இங்கே காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காற்றாடிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியை ஜனவரியில் முடித்தேன். கோபுரத்துக்குள் ஏணி இருக்கும். ஏறி, உச்சியில் உள்ள பெட்டிக்குள் போய், போல்ட்டு முறுக்குவதிலிருந்து மின்சாரப் பலகை சரிபார்ப்பதுவரை எல்லாம் செய்கிறோம். எங்கள் குழுவில் பெண் நான் மட்டும்தான். முதல் வாரம் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். இப்போது கருவியை நீட்டுகிறார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். சென்னையில் எனக்குக் கொடுத்திருந்த வேலையும் காற்றாடிதான். ஏதோ ஒரு நாட்டில் ஒரு காற்றாடி நின்றால் என் திரையில் சிவப்புப் புள்ளி வரும். பார்த்துவிட்டதாக ஒரு பொத்தானை அழுத்தி அந்த டிக்கெட்டை மூட வேண்டும். ஒரு நாள் டீம் லீடரிடம், "அண்ணா, இத யாரு ஏறிப் போய்ப் பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "ஏறுறவன் ஏறுவான். ஒனக்கு எதுக்கு அது? டிக்கெட்ட குளோஸ் பண்ணு" என்றார். அன்றிலிருந்து அந்த ஏறுகிறவன்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அவனுக்குத்தான் ஏன் நின்றது என்று தெரியும். மூன்று வருடமாக நான் வெறும் புள்ளிகளை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மடத்தில் நற்கருணை அப்பம் சுடும் இயந்திரம் சூடாகவில்லை என்று சுவரிலுள்ள சுழல்பெட்டி வழியாக வெளியே அனுப்பினீர்களே, அதைப் பிரித்து வயரை மாற்றியபோதுதான் இனிமேல் திரும்பிப் போக மாட்டேன் என்று உறுதியாயிற்று.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. நானே சொல்கிறேன், ஆனால் இப்போது முடியாது. அப்பா விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். அதுவரை நீங்கள் சொல்லக் கூடாது. எனக்காகச் செபியுங்கள்.

அன்பு மகள்,
இளமதி


மடம்,
16 பிப்ரவரி 2025

அன்பு இளமதி, ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. கையிலும் காலிலும் அடி ஒன்றும் இல்லையே?

உன் அம்மாவின் கடிதம் வந்து இரண்டு வாரத்தில் உன் கடிதமும் வந்தது. உன் வேலை நிலைக்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவளுக்காகச் செபி என்று நீ கேட்கிறாய். இரண்டையும் வைத்துக்கொண்டு கோயிலில் முழங்காலில் நின்றால் எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

நான் பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்வேன். கேட்காதவரை இது உன்னுடையது. ஆனால் ஈஸ்டருக்குள் நீயே சொல்லிவிட வேண்டும். தவக்காலம் தொடங்கினால் இங்கே கடிதங்கள் கிடையாது. வருபவற்றை மதர் வாங்கி வைத்துக்கொண்டு ஈஸ்டருக்குப் பிறகுதான் தருவார். அந்த நாள்களில் உனக்கு என்ன நேர்ந்தாலும் எனக்குத் தெரியாது. அது எனக்கு எப்படி இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே ஏறு.

எவ்வளவு உயரம் என்று நீ எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பெரியம்மா,
சகோதரி அமலமரி


மடம்,
2 மார்ச் 2025

அன்புத் தங்கை அடைக்கலமேரிக்கு, ஆண்டவரின் சமாதானம். என் முதுகு அதன் பாட்டில் இருக்கிறது. மரியசெல்வத்துக்கு இடுப்பு வலி எப்படி? வெயில் தொடங்கினால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததை மன்னித்துக்கொள். எழுதத் தொடங்கி இரண்டு முறை கிழித்தேன். புதன்கிழமை சாம்பல் புதன். இது உயிர்ப்புத் திருநாள்வரை என் கடைசிக் கடிதம்.

இளமதி கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்தாள். எங்கள் அப்பம் சுடும் இயந்திரத்தைப் பார்வையாளர் அறை மேசையில் பரப்பிவைத்துப் பழுது பார்த்தாள். கிராதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நன்றாக இருந்தாள், அடைக்கலம். நீ சொன்னதுபோல் பாதியாக இல்லை.

அவளுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறேன். அவள் இறங்கி வரட்டும் என்பதுதான் என் செபம். வேறு எதையும் கேட்க எனக்கு இப்போது தோன்றவில்லை.

தவக்காலம் உங்களுக்கு அமைதியாகக் கழியட்டும்.

உன் அக்கா,
அமலமரி


ஆவூர்,
14 மார்ச் 2025

அக்காவுக்கு,

இது ஈஸ்டர்வரை உன் கைக்கு வராது என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்றும் தெரியும்.

என் மகள் இறங்கி வர வேண்டுமா? எங்கிருந்து? அவள் எந்தச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்? மூன்று வருடமாக ஒரு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரை பார்க்கிற பிள்ளை அவள். அவள் மேலே போக வேண்டும் என்று நான் கேட்டேன். அது பேராசையாகத் தெரிந்ததா உனக்கு? துறவிகளுக்குத் தாழ்ச்சி பெரிய புண்ணியமாக இருக்கலாம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அதைச் செபித்தால் அதற்குப் பெயர் சாபம்.

உன் கடிதத்தை வழக்கம்போல் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, எங்க அக்கா எம்புள்ளைய எறக்குறா" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அந்த வரிய இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா." மறுபடி வாசித்தேன். "நல்லா வாசிச்சியா? எறங்கி வரட்டும்னா போட்டுருக்கு?" என்று கேட்டுவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அன்று சோறும் சரியாக இறங்கவில்லை. மறுநாள், இடுப்பைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று திருச்சி போனார். "நானும் வாரேன்" என்றதற்கு, "நீ பள்ளிக்கொடத்தப் பாரு" என்றார். அடுத்த நாள்தான் திரும்பினார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்குன்னாரு" என்கிறார். உன் ஒற்றை வரி அவரைக்கூட நோகடித்துவிட்டது.

நீ துறவறம் ஏற்றதிலிருந்து உன்னை நீங்கள் என்றுதான் எழுதிவந்தேன். இன்று வரவில்லை.

அடைக்கலமேரி


மடம்,
23 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு, உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். அனைவரும் சுகம்தானே?

திங்களன்று மதர் என் கடிதங்களைத் தந்தார். உன்னுடையதை முதலில் பிரித்தேன். நீ என்று கூப்பிட்டிருக்கிறாய். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு கேட்கிறது. கோபத்தோடு வந்தாலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

உன் மகளிடம் அகந்தை இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வரியை நீ வாசித்தவிதத்தில் நான் எழுதவில்லை. எந்தவிதத்தில் எழுதினேன் என்று கேட்டால் சொல்வேன். ஆனால் என்னிடம் கேட்பதற்கு முன் இளமதியிடம் கேள். ஒருவேளை, நீ இதை வாசிக்கும்போது அவளே சொல்லியிருப்பாள்.

மரியசெல்வம் திருச்சிக்குத்தான் போனாரா, அடைக்கலம்?

அமலமரி


ஆவூர்,
4 மே 2025

அக்காவுக்கு,

சொல்லிவிட்டாள். உன் கடிதம் வரும் முன்பே, ஈஸ்டர் அன்றே.

திருவிழிப்புப் பூசை முடிந்து மறுநாள் மத்தியானம், கறிச்சோறு போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒம் பெரியம்மா ஒன்னய எறங்கி வரணும்னு செபிக்கிறாங்களாம்டி. நீ ரொம்ப ஏறிட்டியாம்" என்றேன். அவள் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டாள். அவள் அப்பா தட்டைப் பார்த்தபடியே, "சொல்லிரு ஆத்தா" என்றார்.

சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு நான் அவரைப் பார்த்தேன். "ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஒங்க அக்கா எழுதுனப்பவே தெரியும்" என்றார். "எறங்கி வரட்டும்னு யாருக்குடி செபிப்பாக? பஸ்ஸுல போறவளுக்கா? அது எங்க வார்த்தை. சாரத்துல நிக்கிறவன் வீட்டு வார்த்தை. தெனமும் ஒனக்குப் போன் பண்ணி நான் வேற என்ன சொன்னேன்? எறங்கிட்டேன்னுதான சொன்னேன்?"

அக்கா, அதை அவர் தினமும் சொல்லக் கேட்டவள் நான். விழுந்த பிறகு அந்தச் சொல்லை நான் காதிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டேன்போல. உன் கடிதத்தில் அது கண் முன்னாலேயே இருந்தது, நான் அகந்தை என்று வாசித்தேன்.

திருச்சிக்குப் போகவே இல்லையாம். இளமதிக்குப் போன் செய்து ஊரைத் தெரிந்துகொண்டு, பஸ் மாறிப் பஸ் ஏறிச் சுரண்டைக்குப் போயிருக்கிறார். அவள் ஏறும்போது மாட்டும் இடுப்பு வாரையும் கொக்கிகளையும் வாங்கிக் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஆட்டுக்கொட்டகையில் நின்று அவர் போனில் பேசுவது மகளிடம்தான். என்னிடம் சொல்லவில்லை.

"விழுந்த நீங்களே எப்புடிங்க விட்டீங்க?" என்று கத்தினேன்.

"நான் ஏறுனதால விழுகலடி. கொக்கி குடுக்காததால விழுந்தேன். அவளுக்கு ரெண்டு குடுத்துருக்காங்க."

"கொக்கி இருந்தாப் போதுமா? அந்த வேலைய விட்டுட்டு வா. இல்லாட்டி இந்த வாசப்படி ஏறாத" என்று அவளிடம் சொன்னேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இந்தப் படி ஏறத்தான் ஒங்கிட்டக் கேக்கணும்மா. காத்தாடி ஏறக் கேக்க வேண்டாம்." அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திறந்தபோது அவள் பை இல்லை. அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

நீ பொய் சொல்லவில்லை என்று உன் மனம் தேற்றிக்கொள்ளும். வேண்டாம். உனக்குத் தெரிந்திருந்தது. நாற்பது நாள் நீ சுவருக்குள் அமைதியாக இருந்தாய், அவள் அங்கே ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் உன் பேச்சைக் கேட்பாள். ஒரு வரி எழுது. இறங்கி வந்துவிடு என்று. செபத்தில் எழுதினாயே, அதையே அவளுக்குக் கட்டளையாக எழுது.

அடைக்கலமேரி


மடம்,
15 மே 2025

அன்புத் தங்கைக்கு,

எழுத மாட்டேன்.

நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று அப்பா கதவில் குறுக்கே நின்றார். பின்பக்கமாக என் பையைத் தூக்கிக்கொண்டு கீரனூர் பஸ் ஸ்டாண்டுவரை வந்தவள் நீ. "போகாத" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பேன். நீ சொல்லவில்லை. ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்தாய்.

தெரிந்ததைச் சொல்லாமல் உன்னை வருத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவளுக்கு அந்த வரியை எழுதாததற்கு மட்டும் கேட்க மாட்டேன்.

அமலமரி


மடம்,
20 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு, ஆண்டவரின் சமாதானம். உங்கள் இருவருக்கும் சுகமா?

மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஜூனில் எழுதினேன், ஜூலை தொடக்கத்தில் எழுதினேன். கிடைத்திருக்கும். தபால்காரர்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இங்கே இரண்டு வாரமாகக் காற்று. இரவில் கோயில் ஓடுகள் அசைகிற சத்தம் கேட்கிறது. நாங்கள் மலையில் இருக்கிறோம், சுவர் கனமானது, ஒன்றும் ஆகாது. ஆனால் நான் தூங்குவதில்லை. இந்த மேல்காற்று சுரண்டைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஆவூரில் காற்று எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

அமலமரி


சுரண்டை,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு இளமதி எழுதுவது. நான் நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நலம். மற்றதைப் பதற்றமில்லாமல் வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நானும் செம்மல் அண்ணனும் ஒரு சின்னப் பழுதுக்காகக் காலையிலேயே மேலே போனோம். அவர் எங்கள் குழுவின் மூத்த டெக்னீஷியன். ஏறும்போது காற்று குறைவுதான். வேலை முடிகிற நேரத்தில் சட்டென்று ஏறிவிட்டது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் கோபுரத்துக்குள் இருக்கும் லிப்டை இயக்கக் கூடாது. ஏணியில் இறங்கலாம் என்றால் அண்ணனுக்குக் காலில் பிடிப்பு, முட்டியை மடக்க முடியவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் இறங்க முடியாது. கீழே இருந்தவர்கள், காற்று தணியட்டும், உள்ளேயே இருங்கள் என்றார்கள்.

பெட்டி முழுக்க ஆடியது. படகில் உட்கார்ந்திருப்பதுபோல். பயமாகத்தான் இருந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன். "என்ன தங்கச்சி, கம்ப்யூட்டர் நாற்காலி நெனப்பு வருதா?" என்று அண்ணன் வலியோடு கிண்டல் செய்தார். "அது ஆடாதுண்ணே, சுத்தும்" என்றேன்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்யும் நேரம் கடந்துவிட்டது. மேலே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். செய்தேன். "அப்பா, இன்னும் எறங்கல" என்றேன். அப்புறம் அப்பா குரல் வரவில்லை, அம்மா குரல் வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறை.

"ரெண்டு கொக்கியும் மாட்டிருக்கியா?"

பெரியம்மா, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குக் கொக்கி தேவையே இல்லை. ஆனால் நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். "மாட்டிருக்கேம்மா" என்றேன்.

"கூட யாரு?" "செம்மல் அண்ணன். கால் பிடிச்சுக்கிச்சு." "தேச்சு விடு. கட்டவெரல மேல பாத்து மடக்கச் சொல்லு. ஒங்கப்பாவுக்கு அப்புடித்தான் விடும்." அவர் மடக்கினார். "விட்டுச்சா?" "கொஞ்சம்." "போன வச்சுறாத. பேட்டரி இருக்கா?"

காற்று தணிகிறவரைக்கும் போனை வைக்கவில்லை. நாங்கள் பேசவும் இல்லை. ஆட்டுக்குட்டி கத்துவது, அப்பா இருமுவது, அம்மா செபமாலை சொல்வது எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருட்டும் முன்பு லிப்ட் ஓடியது. தரையில் கால் வைத்து, "எறங்கிட்டேம்மா" என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாளும் அப்பா போனுக்குத்தான் செய்தேன். எடுத்தது அம்மா. "ம்" என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் மகள்,
இளமதி


ஆவூர்,
21 செப்டம்பர் 2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்காவுக்கு அடைக்கலமேரி எழுதுவது. நாங்கள் சுகம். உன் முதுகு எப்படி? தூங்குகிறாயா?

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஆவூரில் காற்று எப்படி என்று கேட்டிருந்தாய். ஜூலையில் இங்கே வேப்பங்கிளை முறிகிற அளவுக்கு அடித்தது. அதை எழுதினால் நீ தூங்க மாட்டாய் என்றுதான் எழுதவில்லை என்று சொல்ல ஆசை. உண்மை அதுவல்ல. நீயும் தூங்காமல் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் நடந்ததை அவள் எழுதியிருப்பாள். அன்று அவர் போனை என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் காதில் வைத்துப் பேசினேன். அது எனக்கே ஆச்சரியம். அவர் கீழே விழுந்த அன்று நான் கேட்க வேண்டியிருந்த கேள்வி அத்தனை வருடமாக வாயிலேயே இருந்திருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டேன்.

போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனோம். ஏழடிப்பட்டம் என்கிற சமணர் குகைக்கு ஏறும் பாறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுகின்றன. "மெல்லப் போங்கடி" என்று கத்திக்கொண்டே பின்னால் ஏறினேன். பாதிப் பாறையில் ஒரு கணம் கீழே பார்த்துவிட்டேன். கண் தானாகத் தேடியது, கொக்கியை எங்கே மாட்டுவது என்று. அதைக் கவனித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. கூட வந்த டீச்சர், "என்ன மேரி டீச்சர், தனியாச் சிரிக்கிறீங்க?" என்றார். "எம்மக ஞாபகம்" என்றேன். "ஐ.டி.யில இருக்காங்கல்ல?" என்றார். "இல்லங்க. காத்தாடி ஏறுறா" என்றேன். முதல் தடவை வெளியே சொன்னது. சொல்லிவிட்டு அந்தப் பாறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

நான் சம்மதித்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. நாளைக்கே விட்டுவிட்டு வந்தால் மாதாவுக்குத் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றுவேன். காற்றுக்காலம் முடிகிறது, இனி ஏற மாட்டாளே என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். அவர்தான் சொன்னார், காற்று அடங்கிய மாதங்களில்தான் பராமரிப்பு வேலை அதிகமாம், தினமும் ஏற வேண்டுமாம். எனக்கு எந்தப் பக்கமும் நிழல் இல்லை.

நீ என் கட்டளையை எழுதாதது சரிதான். பையைப் பற்றி எழுதினாயே, அதை வாசித்துவிட்டு இரண்டு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். உன் பை கனமாக இருந்தது, அக்கா. வழி முழுக்க "போகாத" என்று சொல்ல வாய் வந்துகொண்டே இருந்தது. அது உனக்குத் தெரியாது.

இதை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் ஆடுகளைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். போன் என் மடியில் இருக்கிறது. இப்போதெல்லாம் என் நம்பருக்குத்தான் செய்கிறாள். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. "வரும்டி, கருவியெல்லாம் கழட்டி வைக்கணும்ல" என்று அங்கிட்டிருந்து சொல்கிறார். அவரும் ஒரே ஆட்டை இரண்டாவது முறை கட்டுகிறார்.

ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் நான் எழுதியதை விட்டுவிடு. அவள் மேலே போக வேண்டும் என்று இனிமேல் செபிக்காதே. ஏறுவதை அவளே பார்த்துக்கொள்வாள், அதற்கு நம் இரண்டு பேரின் செபமும் வேண்டாம். நீ எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள். ஒரு சொல்லும் மாற்றாதே. நானும் அதைத்தான் சொல்கிறேன்.

இன்னும் போன் வரவில்லை. அவள் இறங்கிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன்.

உன் தங்கை,
அடைக்கலமேரி